மொஹிடோவும் மதுவிலக்குச் சங்கமும்

பண்டத்தரிப்பு
சனிக்கிழமை

பிள்ளை ஷரோனுக்கு, ரொறன்ரோக் குளிரிலும் கர்த்தருடைய காவல் உன்னோடு இருப்பதாக.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார். நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிரணவனின் தாய் தகப்பன் வல்வெட்டித்துறையிலிருந்து நேற்று மத்தியானம் வந்தார்கள். தகப்பன் கனகசபாபதி ஐயா கோயில் தர்மகர்த்தா, விரதகாரர். சைவச் சனம் வேதக்காரரான எங்கள் வீட்டில் எதைத் தொடுவார்களோ என்று பயந்து, நீ சொல்லித்தந்த மொஹிடோவைச் செய்தேன். வளவுப் புதினாவைச் சீனியோடு நசித்து, தேசிக்காய் பிழிந்து, தோடம்பழச் சாறும் ஐஸும் போட்டேன். நீ ரம் சொன்ன இடத்தில் என் கெட்டித்தனத்தைக் காட்டிக் கருப்பநீர் விட்டேன். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசி இறக்குகிற பதநி புளிக்காது, குழந்தைகளும் குடிப்பது, அதில் என்ன பிழை வரும் என்று நினைத்தேன். லெந்து உபவாசம் என்பதால் ஒரு சொட்டும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

முதலில் செத்த வீடு மாதிரித்தான் இருந்தது. அப்பா முகட்டைப் பார்த்தார், ஐயா நிலத்தைப் பார்த்தார். நீ பிரணவனின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து உன்னோடு கதைக்காத மனுசன், வந்த சனத்துக்கு என்ன சொல்லி அனுப்பப் போகிறாரோ என்று குசினிக்குள் நின்று ஜெபித்தேன். இன்னொரு கிளாஸ் போனபோது ஐயா தன் கப்பல் கதைகளை எடுத்துவிட்டார். அதற்கும் பிறகு அப்பா அவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டார். நான் தட்டத்தோடு குசினி வாசலுக்கே வந்துவிட்டேன். ஆவணியில் கலியாண எழுத்து என்று அவர்களே முடிவும் எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் போன கையோடு, கருப்பநீர் தந்த சீவல்காரக் கனகரத்தினம் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார். அக்கா, பிளாஸ்ரிக் கான் மாறிப்போச்சு, உங்களுக்குத் தந்தது தவறணைக்கு விக்கப் போற கள்ளு, என்ரை பிழைதான் என்றார். மதுவிலக்குச் சங்கக் காரியதரிசியான உன் அப்பாவுக்கு, அதுவும் லெந்து காலத்தில், என் கையாலேயே கள்ளு வார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைக்கூடக் கீழே வைக்கவில்லை. முதல் மிடறிலேயே தெரியுமாம். எனக்கு இன்னும் திகைப்புத்தான், பிள்ளை. தெரிந்துகொண்டும் ஏன் குடித்தீர்கள் என்று கேட்டேன். கிளாஸை வைத்தால் காரணம் சொல்லவேணும், சொன்னால் அந்தச் சனம் அப்போதே எழும்பிப் போயிருக்கும், பிறகு பிள்ளையின் கலியாணம் எங்கே என்றார். சம்பந்தி என்றது வெறியிலா என்றும் கேட்டேன். எனக்கு வெறிக்கேல்லை என்றார். கள்ளின் ருசி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு மட்டும் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சங்கத்துக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டார். நாளைக்கு ஆராதனை முடியக் கொடுப்பாராம். யாருக்கும் தெரியாதே, ஏன் கொடுக்கிறீர்கள் என்று மன்றாடிப் பார்த்தேன். குடிக்கமாட்டேன் என்று சங்கத்தில் கையெழுத்து வைத்தது நான்தானே என்கிறார். அந்தச் சங்கம் அவருக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவுக்கு ஒரு கோல் எடு. கள்ளைப் பற்றி மூச்சு விடாதே. நன்றி என்றும் சொல்லாதே, மனுசன் கூசிப்போவார். அப்பா, சாப்பிட்டீங்களோ என்று மட்டும் கேள். இந்த முறை எடுப்பார்.

கர்த்தர் உன்னையும் பிரணவனையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள அம்மா,
பியாட்றிஸ்