அண்ணனிடம் சொல்லாதது

அக்டோபர் 14

இன்றும் இயன் அண்ணன் கேட்டான், லில்லியன் எங்கே என்று. பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கப் போயிருக்கிறாள் என்றார் அம்மா. அண்ணன் சிரித்தான். மார்ச்சில் செம்பனை ஏற்றிவந்த லோரி, அவனும் லில்லியன் அண்ணியும் போன மோட்டார் சைக்கிளை இடித்ததிலிருந்து அவனுக்கு எதற்கும் சிரிப்புதான். தலையில் அடி. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி அங்கேயே போய்விட்டார். அவன் நினைவில்லாமல் கிடந்தபோதே அடக்கம் முடிந்தது. இன்னும் யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக் கலாவதி அக்கா: "கவலையே இல்லாத மனுசன். குடுத்து வச்சவரு லா."

அக்டோபர் 20

மகிழ்ச்சியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். வாழ்க்கையின் இலக்கு அதுதான் என்றால் அண்ணன் அதை அடைந்துவிட்டான். பிறகு ஏன் அவனைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ அவனிடம் எதையோ திருடிவிட்டதுபோல் — திருடியது நாங்களா?

அக்டோபர் 29

ஞாயிறு கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில்தான் அண்ணி. அதனால் இந்த வருஷம் யாரும் போக வேண்டாம் என்கிறார் அம்மா. அப்பாவுக்கு மெழுகுவர்த்தி கிடையாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"சிரிச்சிக்கிட்டு இருக்குற புள்ளைய அழ வச்சா ஒனக்கு என்னாடி கெடைக்கும்?"



நவம்பர் 2

காலையிலேயே அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். எவ்வளவோ மறந்தவன் இதை மறக்கவில்லை. அம்மா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். அப்பா காத்துக்கொண்டிருப்பார், வா என்றான் அண்ணன்.

அழைத்துப் போனேன். இறங்குவதற்கு முன், காரிலேயே சொன்னேன். நம்பவில்லை. சிலுவையில் அண்ணியின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தான். சிரிப்பு உடனே நிற்கவில்லை. சிரிச்சிக்கிட்டே அழுதான். ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்?

நவம்பர் 5

அம்மா என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 11

மறந்துவிட்டு மறுபடியும் கேட்பானோ என்று பயந்தேன். மறக்கவில்லை. சிரிப்பதும் இல்லை. மணிக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி இருக்கிறான்.

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"அவளுக்கு வலிச்சிச்சா?"

விபத்துக்குப் பிறகு இன்னொருவரின் வலியைப் பற்றி அவன் கேட்டது இதுதான் முதல் தடவை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலண்ணே."

தலையாட்டினான். அதன்பின் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தட்டில் ஈ மொய்க்கத் தொடங்கியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.