சந்தைக் குப்பை போன இடம்

புதன், இரவு. மழை.

சந்தைக்குப் பின்னால் கிடக்கும் குப்பையை அகற்றச் சொல்லி, நகராட்சியின் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுவில் பிடிவாதமாகப் பேசியது நான்தான். வழக்கமாக நாங்கள் சொல்வதை நகராட்சியில் யாரும் கேட்பதில்லை. இந்த முறை கேட்டு, லாரி வைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம், கேரள எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் இருக்கும் தங்கை போன் செய்தாள். "அக்கா, எங்க கிணத்துக்கு மேல உள்ள பழைய குவாரியில லாரி வந்து குப்பை தட்டுது. மழைவெள்ளம் இங்கதானே இறங்கும்? பிள்ளைக்கு இந்தத் தண்ணியாக்கும் குடுக்கேன். நீ கமிட்டியில உண்டுல்லா, யாரு சொல்லி இங்க கொண்டு வாறானுவன்னு கேளு."

"கேட்டுச் சொல்லுறேன்" என்றேன்.

அந்தத் தண்ணீரைக் கொடுக்காதே என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். மழை இன்னும் விடவில்லை.