கண்டக்ட் புத்தகத்தில் நான் எழுதிய வார்த்தை

எங்கிட்டுப் போயிருந்தாலும் சுகமாக இருக்கவேண்டிய என் மச்சான் சிதம்பரத்துக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறானே, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நீ உயிரோடு இருந்த காலமெல்லாம் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி செல்லம்மா, இப்போது பிள்ளையோடு அன்னவாசலில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து சட்டைகளை வெயிலில் போட்டாள். அடியில் நாலாக மடித்து ஒரு காகிதம் கிடந்திருக்கிறது. "அண்ணே, இங்கிலீசுல இருக்கு. செவப்பு மையில என்னமோ எழுதியிருக்காக. படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் உன் கையில் கொடுத்து அனுப்பிய டி.சி. அது. "கண்ணாடி இல்லாமத் தெரியல, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். நான் என்றைக்கடா கண்ணாடி போட்டேன்?

அந்தக் காகிதத்தை நீ ஏன் கிழித்துப் போடவில்லை, மச்சான்?

புதுக்கோட்டையில் நாம் குடியிருந்த மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளத்துக்குப் போகிற வழியெல்லாம் இங்கிலீஷ் வார்த்தை சொல்லிப் பார்ப்போம். நமக்கு நன்றாகத் தெரிந்ததெல்லாம் நம்மைத் திட்டுகிற வார்த்தைகள்தான். பூவுக்கும் பறவைக்கும் இங்கிலீஷில் என்ன என்று கேட்டால் முழிப்போம். நாட்டி, மிஸ்சீஃப், ரூட், இம்பர்ட்டினன்ஸ் என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். சோற்றில் உப்புக் கூடினால் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரரைப் பார்த்து "கேர்லெஸ்னஸ்" என்பாய். அவர் ஏதோ பாராட்டுகிறாய் என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார்.

இந்த வார்த்தைகளுக்கெல்லாம் காரணம் அந்தக் கண்டக்ட் புத்தகம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். வகுப்புச் சட்டாம்பிள்ளை வாரம் முழுக்க யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று அதில் பெயரை எழுதி, எதிரே தப்பை இங்கிலீஷில் ஒரே வார்த்தையில் எழுதவேண்டும். தமிழில் எழுதினால் சட்டாம்பிள்ளைக்கே அடி விழும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டுவார். என்ன நடந்தது என்று யாரையும் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார். வார்த்தையைப் பார்த்துத் தண்டனை போடுவார். 'டாக்கிங்' என்றால் பெஞ்சு மேல் ஏறவேண்டும். 'மிஸ்சீஃப்' என்றால் இரண்டு பிரம்படி. 'டிஸ்ஒபீடியன்ஸ்' என்றால் நூறு தடவை இம்போசிஷன்.

அந்த வருஷம் சட்டாம்பிள்ளை நான். எவனாவது மாங்காய் கொடுத்தால் 'மிஸ்சீஃப்' என்று எழுத வேண்டியதை 'டாக்கிங்' என்று எழுதிக் காப்பாற்றுவேன். வகுப்பே என் பின்னால் சுற்றியது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. கண்டக்ட் புத்தகத்துக்காகவே டிக்ஷனரியைப் புரட்டிப் பெரிய பெரிய வார்த்தையாகப் பொறுக்கிவைத்திருந்தேன். அப்படிப் பொறுக்கியதில் ஒன்றுதான் 'இன்சபார்டினேஷன்'. மேலதிகாரிக்கு அடங்காமை என்று அர்த்தம், இங்கிலீஷில் பதினைந்து எழுத்து. அதை எங்கேயாவது எழுதிக் காட்டாவிட்டால் எனக்கு உறக்கம் வராது போலிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டிரில் வகுப்பில் உன்னைப் பொட்டலைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு, "முடியாதுங்க சார். கால்ல முள்ளு ஏறியிருக்கு. திங்கக்கெழம ஓடிர்றேங்க" என்றாய். டிரில் மாஸ்டர் சிரித்துவிட்டு, "சரி, போயி நெழல்ல உக்காரு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அவர் மறந்தும் போயிருப்பார். நான் மறக்கவில்லை. வாத்தியாரிடம் 'முடியாது' என்று ஒருவன் சொல்லிவிட்டான், என் வார்த்தைக்கு இடம் கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. உன் பெயருக்கு எதிரே பதினைந்து எழுத்தையும் மணி மணியாக எழுதினேன். உனக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை, மச்சான். நூறு இம்போசிஷன் வரும், பாதியை நான் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஹெட்மாஸ்டர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். "ஸ்பெல்லிங் நீயே எழுதினியா?" என்று கேட்டுத் தோளில் தட்டினார். நான் பூரித்துப் போனேன். அப்புறம் உன்னைக் கூப்பிட்டார்.

காந்தி பெயரைச் சொல்லிப் பையன்கள் வகுப்பைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு வார்த்தை எவன் பெயரில் வந்தாலும் அவனை நிறுத்திவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு இருந்ததாம். எனக்கு அது எப்படித் தெரியும்? அரை மணி நேரத்தில் நீ டி.சி.யோடு வெளியே வந்தாய். நடத்தை என்ற இடத்தில் என் வார்த்தையை அப்படியே சிவப்பு மையில் இறக்கியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு வேறு எந்தப் பள்ளிக்கூடத்து வாசலிலும் நிற்க முடியாது.

"மாப்ளே, இதுக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டாய்.

"டிஸ்ஒபீடியன்ஸ் மாதிரிதான். கொஞ்சம் பெரிசு" என்றேன்.

நீ சிரித்தாய். "எனக்குப் போயி இம்புட்டுப் பெரிய வார்த்தையத் தேடியிருக்க பாரு" என்று சொல்லி, என் கழுத்தில் கைபோட்டுக்கொண்டு அறை வரைக்கும் நடந்தாய். கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

கீரமங்கலத்தில் உன் அப்பாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. "இங்கிலீசு ஏறலப்பா, நானே நின்னுட்டேன்" என்று சொல்லியிருக்கிறாய். மகனைக் கிளார்க்காகப் பார்க்க ஆசைப்பட்ட மனிதர் அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினார். நீ ஜெகதாப்பட்டினம் போய்க் கருவாட்டு வண்டி ஓட்டினாய். அங்கேயும் உனக்குக் குசும்பு குறையவில்லை என்று செல்லம்மா சொல்கிறாள். படுத்துக்கொள்கிற மாட்டை "ஐடில் ஃபெல்லோ" என்று திட்டுவாயாமே. உன் மகள் இப்போது எங்கள் வீட்டுக் கோழியை "நாட்டி, நாட்டி" என்று துரத்துகிறாள். கேட்கும்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

காய்ச்சலில் நீ கண்ணை மூடியபோது உன் அப்பா, என் மாமா, வந்தார். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்று, "நான் படிக்கத்தானே அனுப்புனேன். படிப்பு வேணாம்னு உதறிட்டு வந்தவன்" என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா?

நேற்றுக் காலை செல்லம்மா மறுபடி காகிதத்தைக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை கண்ணாடியைச் சாக்குச் சொல்ல முடியவில்லை. படித்தேன், அர்த்தத்தைச் சொன்னேன், அன்றைக்கு நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இத எழுதுனது பள்ளிக்கூடத்துக்காரகளா?"

"அவுக பாத்து எழுதுனாக. மொதல்ல எழுதுனது நாந்தான் ஆத்தா."

முறத்தைக் கீழே வைத்தாள். என்னை ஏசுவாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று காத்திருந்தேன். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பழையபடி நாலாக மடித்தாள். அப்புறம் சொன்னாள்: "எனக்கு ஏண்ணே சொல்றீங்க? நான் அவுகள ஒரு நாளும் கொறைவா நெனச்சதில்ல. நெனச்சவரு கீரமங்கலத்துல இருக்காரு. அங்கிட்டுப் போயிச் சொல்லுங்க."

தாலுகா ஆபீசில் எனக்கு வேலையே இதுதான், மச்சான். தப்புச் செய்த சிப்பந்திகளுக்கு மெமோ எழுதுவதும், அவர்கள் கேட்டால் அதற்கு விளக்கம் எழுதிக் கொடுப்பதும். கவனக்குறைவு, தெரியாமல் நேர்ந்தது, உள்நோக்கம் இல்லை, இதற்கெல்லாம் இங்கிலீஷில் வழவழவென்று எத்தனையோ வார்த்தை வைத்திருக்கிறேன். மாமாவிடம் ஒன்றும் எடுபடாது. "மாமா, உங்க மகன் படிப்ப விடல. நான் விட வச்சேன்." இப்படித்தான் சொல்லப்போகிறேன். நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நாலு தடவையும் 'நான்' என்பதோடு நின்றுவிட்டேன்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் கீரமங்கலம் போகிறேன். உன் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் செருப்பைக் கழற்றினாலும் சரி, உறவே வேண்டாம் என்று கதவைச் சாத்தினாலும் சரி. உன் பெயரை அவர் வாயால் சொல்லி ஏழு வருஷம் ஆகிறதாம். 'என் மகன் சிதம்பரம்' என்று அவர் சொல்லிக் கேட்காமல் அந்த வாசலைவிட்டு எழுந்திருக்கமாட்டேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம்.

உன் மாமன் மகன்,
செல்லம்மாவுக்கு அண்ணன்,
முத்துக்கருப்பன்