எட்டு ஜாடிகளும் ஒரு மெழுகுவத்தியும்

மச்சான்,

யாரும் நம்ப முடியாத ஒரு கதையை, இதுவரை என் வாயில் வந்த பொய்கள் அத்தனையின் மேலும் ஆணையிட்டு, இப்போது எழுதப்போகிறேன். நீங்கள் ஒருவர்தான் நம்புவீர்கள். நம்புவதற்கு நீங்கள் இல்லை என்பதுதான் சிக்கல்.

இன்று காலை உங்கள் மகன், டைல்ஸ் பதிப்பதற்காக அடுக்களையின் பழைய சிவப்புத் தரையை உடைத்தான். மேற்கு மூலையில் கடப்பாரை தொப்பென்று உள்ளே போனது. மண்ணை அள்ள அள்ள, ஒரு ஜாடியின் உடைந்த வாய் வந்தது. பிறகு, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தி.

"மாமா, அப்போ அந்தக் குழி நெசந்தானா?" என்றான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னைப் பொய்யன் என்று சொல்லிவருபவன். மெழுகுவத்தியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். டீ ஆறிவிட்டது.

எழுபதுகளில், எஸ்டேட் துரை பங்களாவில் குழாய் மாட்டப் போன இடத்தில், படிக்கட்டுக்குக் கீழே ஒயின் வைக்கிற அறையை நீங்கள் பார்த்துத் தொலைத்தீர்கள். "தொரைக்கு மட்டுந்தான் நாக்கு இருக்கா, மாப்ள?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளை வருவதற்குள் புகை படிந்த அடுக்களையை எடுத்துக் கட்ட வேண்டும் என்று கூரையைப் பிரித்துத் தரையைக் கொத்திப் போட்டிருந்தோம். சாக்கடைக்குத் தோண்டுகிறோம் என்று ஊரை நம்பவைத்து, மூலையில் ஒயினுக்குக் குழி இறக்கினீர்கள்.

நான் சொல்லிவந்த கதையில் அது நாற்பது அடி ஆழம், கல் படிக்கட்டு, நூறு ஜாடி. அந்த வாசனைக்கு ஒற்றை யானை ஒன்று மலையிறங்கி வந்து ஏலக்காட்டில் மூன்று நாள் ஆடியது. உண்மையில் குழி உங்கள் தோள் உயரம், ஜாடி எட்டு. கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சை முட்டைக்கோசுக்கு அடியில் ஒளிந்து பஸ்ஸில் வந்தது. வளைவில் எந்த ஜீப் முனகினாலும் எக்சைஸ்காரர்கள்தான் என்று முடிவு செய்து, மூடிப்பலகை மேல் உட்கார்ந்து வேதப்புத்தகத்தைத் திறந்துகொள்வீர்கள். அந்த நாட்களில் நம் போதகரே அவ்வளவு வாசித்திருக்கமாட்டார்.

குழி வெட்டியவர் பெருமாட்டி என்ற ஊர்க்காரர், கிணறு வெட்டிப் பழகியவர். வேலை முடிந்து பஸ் ஏறும்போது சொன்னார்: "ஏனுங்க, வெளக்க மொதல்ல எறக்கிப் பாருங்க. வெளக்கு நிக்கற எடத்துலதானுங்க மனுசன் நிக்கலாம். இடுப்புல கயிறில்லாம எறங்காதீங்க." திராட்சை ஜாடிக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று, பஸ் மறைகிறவரைக்கும்கூடப் பொறுக்காமல் சிரித்தோம்.

ஜாடிகள் இறங்குவதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்தேன். வெறும் குழிக்குள் விழுந்து, செத்தவன்போலக் கிடந்தேன். நீங்கள் அலறி, அழுது, என் முகத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தீர்கள். நான் எழுந்து பல்லைக் காட்டியதும், "இதுக்கு ஒருநாள் பதில் தாரேன் மாப்ள" என்றீர்கள்.

பிறகு தரைக்குச் சிவப்புப் பூச்சு போட்டார்கள். அது இறுகத் தண்ணீர் கட்டி விட வேண்டும், யாரும் கால் வைக்கக் கூடாது. தினமும் கிளற வேண்டிய ஜாடிகள் ஒன்பது நாள் மூடியே கிடந்தன. பூசணம் பிடித்துவிடும் என்று உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் பலகையைத் தூக்கினோம். கிராம்பும் புளிப்புமாக ஒரு வாசனை. பெருமாட்டிக்காரரைக் கேலி செய்வதற்காகவே உங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, உத்திரத்தின் மேல் போட்டு, மாட்டைப் பிடிக்கிறவன்போல மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். விளக்கை முதலில் இறக்கவில்லை. மெழுகுவத்தியைக் கையில் ஏந்தி நீங்களே இறங்கினீர்கள். ஜாடிப் பக்கம் குனிந்தீர்கள். வெளிச்சம் போனது.

"மாப்ள, தீப்பெட்டி எடு."

பொத்தென்று விழுந்த சத்தம், அவ்வளவுதான். அடியில் சுருண்டு கிடந்தீர்கள். சொன்னபடி பதில் தருகிறார் மனுஷன் என்று நினைத்தேன். வெளியிலிருந்து அக்கா, "எலே, அங்க என்னல சத்தம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா, ஒன் புருசன் செத்த மாதிரி நடிக்காரு" என்றேன்.

நீங்கள் கேட்ட தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியைக் கிழித்து, உங்கள் முகத்தைப் பார்க்க உள்ளே நீட்டினேன். பாதி வழியில் அணைந்தது. இன்னொன்று. அதே இடத்தில், யாரோ ஊதியதுபோல அணைந்தது. அப்போதுதான் பெருமாட்டிக்காரர் சொன்னது உறைத்தது: ஒன்பது நாள் புளித்த திராட்சை, குழியைக் கெட்ட காற்றால் நிரப்பியிருந்தது.

இழுத்தேன். உத்திரம் கிறீச்சிட்டது. வெளியே வந்த உங்கள் முகம் திராட்சை நிறத்தில் இருந்தது. இதில் மிகைப்படுத்த எனக்குத் தைரியமில்லை. முற்றத்துக் காற்றில் கிடத்தியதும் வாந்தியெடுத்து, கண் திறந்து, ஒயின் கெட்டுப்போச்சா என்று கேட்டீர்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, எட்டு ஜாடியையும் கயிற்றுச் சுருக்கால் மேலே தூக்கி வாழை மூட்டில் கவிழ்க்க வைத்தாள். பொழுது சாய்வதற்குள், ஜாடிகளையும் உடைத்துப் போட்டுக் குழியைத் தூர்க்க வைத்தாள்.

அதன்பின் கதை என் கைக்கு வந்தது. திரியின் புகை அடங்குவதற்குள் நான் பாய்ந்து தூக்கினேன் என்று கல்யாண வீடுகளிலும் ஞானஸ்நான விருந்துகளிலும் சொன்னேன். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இலையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறையாவது மறுத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி வாரத்தில், கீழே கிடந்தபோது உங்கள் காதில் என்ன விழுந்தது என்று விசாரிக்கத்தான் கிட்டே வந்தேன். தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டேன்.

இன்றும் அடைத்துக் கிடக்கும் எந்த அறைக்குள்ளும் குச்சி கிழித்துப் பார்க்காமல் காலெடுத்து வைப்பதில்லை. டார்ச் உதவாது, தீதான் வேண்டும். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் மகன் மறுபடி கூப்பிடுகிறான். போய்ச் சொல்லத்தான் வேண்டும். நாற்பது அடி பொய். யானை பொய். பாய்ந்து தூக்கியதும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், மச்சான்: நீங்கள் மூச்சில்லாமல் கிடந்தபோது, கயிறு என் கையில்தான் இருந்தது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.