மாமாவின் நம்பர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டிய கடைசி நாள் நேற்று. எனக்குத் தெரிந்தது இன்று.

மலையில் என் போனுக்குச் சிக்னல் நிற்காது என்று, விண்ணப்பத்தில், கீழே ஆலங்காயத்திலிருக்கும் அக்கா புருஷனின் நம்பரைக் கொடுத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இன்று பஸ் பிடித்து இறங்கிப் போய், அவர் போனை வாங்கி நானே பார்த்தேன். மெசேஜ் வந்து ஆறு நாள் ஆகிறது. திறந்து படித்தும் இருக்கிறார்.

"இன்னா மாமா இது?"

"வேல மும்முரத்துல மறந்துட்டேம்மா" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட அந்த ஆளுக்குத் துப்பில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "அவரக் கேக்காத. நான்தான் சொல்ல வேணாம்னேன். நீயும் எறங்கிட்டா வூட்ல அம்மாவ யாருடி பாக்கறது?"

சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

அடுத்த வருஷமும் விண்ணப்பிப்பேன். என் நம்பரையே கொடுப்பேன். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் நாள் முழுக்க உட்கார்ந்து கிடந்தாலும் சரி.

அக்கா கல்யாணமாகிக் கீழே இறங்கியபோது, அம்மாவை யார் பார்ப்பது என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. பாதி மலை ஏறிய பிறகுதான் எனக்கு இது தோன்றியது. அவள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்க வேண்டும்.

அம்மா என்னைக் கூப்பிடுகிறாள். எப்போதும்போல அக்கா பெயரைச் சொல்லித்தான்.