அல்லிக்கு அம்மா உண்டு

ஜூன் 8, 2025, ஞாயிறு

விளையாட்டில் எனக்குத் திருடி வேடம் வேண்டும் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்டை உடைக்கலாம், சுவர் ஏறலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். விஷால் முந்திக்கொண்டான். காவேரி மந்திரக்காரி. மிச்சம் கிடந்தது புனித வீராங்கனை, இவர்கள் பாஷையில் பாலடின். கவசம் போட்டு முன்னால் நின்று அடி வாங்கவேண்டும், அடிபட்டவர்களைக் கை வைத்துக் குணப்படுத்தவேண்டும்.

"நீதான் காலைல சர்ச்சுக்குப் போயிட்டு வர. உனக்குத்தான் செட் ஆவும்" என்றான் தேவேந்திரன்.

சர்ச்சுக்குப் போனால் வாள் தூக்கணுமா?

விளையாட்டை நடத்துகிறவன் அவன்தான். ஏனாத்தூர் காலேஜில் என்னோடு படித்தவன். இப்போது பிள்ளையார்பாளையத்தில், கீழே தறி ஓடும் வீட்டின் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறான். மிச்ச நேரத்தில் ஒரு நோட்டில் ஒரு உலகத்தையே எழுதிவைத்திருக்கிறான். மலை, ஆறு, ஏழு கோயில். அவன் கதை சொல்லுவான், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் பேசவேண்டும். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும்.

ஜூன் 10, செவ்வாய்

வீராங்கனைக்குப் பலத்தில் புள்ளி போட்டால் பேச்சில் குறைகிறது. பேச்சில் போட்டால் கவசத்தைத் தூக்கமுடியவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது.

இதில் அவளுக்குச் சபதம் வேறு. பொய் சொல்லக்கூடாதாம். இன்று நான் வேலை பார்க்கும் லேபில் ரத்தப் பரிசோதனைக்கு வந்த பெரியவர் "வலிக்குமாம்மா?" என்றார். "வலிக்காதுங்க" என்றேன். மூன்று வினாடியில் சபதம் போச்சு.

ஜூன் 14, சனி

அம்மாவுக்கு விளக்கியதில் அரைமணி நேரம் வீண்.

"தாயக்கட்டைய உருட்டுறீங்கன்ற. சூதாட்டமா?"

"இல்லம்மா."

"அப்ப யாரு ஜெயிப்பாங்க?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குப் போற?"



என் வீராங்கனைக்கு அல்லி என்று பெயர் வைத்தேன். யார், எங்கே பிறந்தாள் என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவளைச் சாமி பேர் சொல்லிக் கூப்பிட்டது என்று எழுதினேன். நடவு பற்றி அம்மாவிடம் கேட்டேன். எனக்கு நான்கு வயது ஆகும்வரை இங்கே முசரவாக்கத்திலேயே அடுத்தவர் கழனியில் நடவுக்குப் போனவள். அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். இன்று கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நிமிர்ந்தால் திட்டு விழுமாம். முதுகு வலித்தாலும் குனிந்தபடியே பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொள்வார்களாம்.

நிமிர்ந்து நின்ற ஒருத்தியைத்தான் சாமி கூப்பிட்டது என்று மாற்றினேன்.

"அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நல்ல பேரா வையி" என்றாள் அம்மா. முத்தரசி என்று வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தேவேந்திரன் படித்துவிட்டு "செமயா எழுதியிருக்க" என்றான். ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அவன் யோசனை. அவன் உலகத்தில் புனித வீரர்கள் கோயில் வம்சத்தில்தான் பிறப்பார்களாம். அதனால் அல்லி தலைமைக் குருவின் குழந்தை, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு முத்தரசியிடம் வளர்ந்தவள். யாருக்கும் தெரியாது. கடைசியில் தெரியவரும். "ட்விஸ்ட் எப்படி?" என்று எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

"அவளுக்கு அம்மா இருக்காங்களே" என்றேன்.

"வளர்ப்புத் தாயா மாத்திக்கலாம்மா."

ஜூன் 16, திங்கள்

வளர்ப்புத் தாயாம்.

ஜூன் 18, புதன்

விஷால் போன் செய்தான். "ஒத்துக்கோ பிரவீனா. கோயில் வம்சம்னா பேச்சுக்கு ரெண்டு புள்ளி எக்ஸ்ட்ரா." இவனோடு நான்கு வருடமாக நட்பாக இருக்கிறேன். யாரைச் சொல்லி நோக?

ஜூன் 22, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

தேவேந்திரனிடம் முடியாது என்றேன். "நடவு நடுறவளா இருக்கும்போதே கூப்பிட்டா இன்னா? சாமி வம்சம் பாத்துதான் கூப்பிடுமா?"

"ஐயோ, இது வெறும் கேம்மா. எதுக்கு இவ்ளோ சீரியஸா எடுத்துக்கினு இருக்க?"

"வெறும் கேம்னா நீ மாத்தேன்."

நோட்டைப் புரட்ட ஆரம்பித்தான். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே படியிறங்கி வந்துவிட்டேன்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன்.

ஜூன் 29, ஞாயிறு

போகவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

ஜூலை 2, புதன்

காவேரி லேபுக்கே வந்துவிட்டாள். தேவேந்திரனின் தங்கை, பி.காம். கடைசி வருடம். "அண்ணன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்குதுக்கா. நீ வராம ஆடமாட்டேன்னுது."

"அது அவன் பிரச்சினை."

"சரிதான். ஆனா நான் இன்னா பண்ணேன்?"

அதுவும் சரிதான். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "அல்லியோட அம்மாவ மாத்தாதக்கா."

ஜூலை 6, ஞாயிறு

போனேன். அல்லி நான் எழுதியபடியே இருக்கலாம் என்றான் தேவேந்திரன், எதையோ விட்டுக்கொடுப்பவன்போல. எரிச்சலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கோயில் வாசல். காவலாளிக்கு அவன்தான் குரல் கொடுக்கிறான், கரகரவென்று. "நீ எந்த வீட்டுப் பொண்ணு?"

"முத்தரசி பொண்ணு. கழனில நடவு நடுறவ."

காவலாளி அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று தேவேந்திரன் நோட்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"படிண்ணா" என்றாள் காவேரி.

"இல்ல... வேணாம்."

நான் நோட்டை வாங்கிப் படித்தேன். நடவு நடுகிற சாதிக்குக் கோயிலுக்குள் என்ன வேலை என்கிற மாதிரி நான்கு வரி. இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. அதில் ஒரு வார்த்தைகூட அவன் கற்பனை இல்லை. எல்லாம் நான் ஏற்கெனவே கேட்டவை, விளையாட்டுக்கு வெளியே.

"டீ எடுத்துக்கினு வரேன்" என்று கீழே போனவன் வெகுநேரம் வரவில்லை. விஷால் சும்மா பகடையை உருட்டிக்கொண்டிருந்தான். என்ன கொடுமை இது! இப்போது நான் போய் தேவேந்திரனுக்கு ஆறுதல் சொல்லணுமா? போகவில்லை.

டீ இல்லாமலே வந்தான். "சாரி பிரவீனா. யார் முன்னாடி படிக்கப்போறேன்னு யோசிக்கவே இல்ல. அந்தக் காவலாளியத் தூக்கிடறேன்."

"தூக்காத. அவன் இருக்கத்தான் செய்வான். அப்படித்தான் பேசுவான். நான் பதில் சொல்லிக்கறேன்."

"சொல்லவா?"

"சொல்லு."

கரகரப்பு இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அல்லி பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன். அந்த மாடியில் இருந்த நான்கு பேருக்குத் தெரியும், போதும்.

பகடையை உருட்டினேன். பதினைந்து விழுந்திருக்கவேண்டும். ஒன்பது! கதவு திறக்கவில்லை. இத்தனை வாரம் பட்ட பாட்டுக்கும் ஒன்பது!

திருடனும் மந்திரக்காரியும் உள்ளே போகலாம் என்றான் தேவேந்திரன். "நான் போவல" என்றாள் காவேரி. விஷால் கொஞ்சம் யோசித்தான். உள்ளே ஏகப்பட்ட தங்கம் உண்டு. "சரி வுடு, நானும் வெளிலயே உக்காந்துக்கறேன்" என்றான்.

ஜூலை 13, ஞாயிறு

இன்னும் வாசலில்தான் இருக்கிறோம். அல்லி கை வைத்தால் காயம் ஆறுகிறது என்று கேள்விப்பட்டு ஊர்க்காரர்கள் வெளியிலேயே வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஏழு கோயிலுக்குள்ளும் எழுதிவைத்ததெல்லாம் வீணாகிறதே என்று இப்போது தேவேந்திரன் தலையில் அடித்துக்கொள்கிறான். அடித்துக்கொள்ளட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

தேவேந்திரன் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த கூட்டம். ஆட இடமில்லை. "உங்க வீட்ல ஆடலாமா?" என்று தேவேந்திரன்தான் கேட்டான். முசரவாக்கத்துக்கு அவர்கள் வந்தது இதுவே முதல் தடவை. மூன்று மணிக்கு வரச் சொன்னால் பதினொன்றுக்கே வந்து நிற்கிறார்கள். சர்ச்சிலிருந்து வந்து துணிகூட மாற்றவில்லை நான்.

கருவாட்டுக் குழம்பைத் தேவேந்திரன் இரண்டு முறை கேட்டு வாங்கினான். சாப்பிட்ட இடத்திலேயே ஆட்டம். அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னும் உள்ள வுடலயா அவள?" என்று நடுநடுவே கேள்வி வேறு.

"வரிசைல கடைசியா ஒரு அம்மா வர்றாங்க" என்றான் தேவேந்திரன். "முத்தரசி. ஊர்லருந்து நடந்தே வந்திருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் கேட்டான்: "ஆன்ட்டி, அவங்களுக்கு நீங்க பேசுறீங்களா?"

பேசமாட்டாள் என்று நினைத்தேன். பேச ஆரம்பித்தவளை நிறுத்த முடியவில்லை. இளைத்துவிட்டாயாம், தலையில் எண்ணெய் இல்லையாம், இரும்புச் சட்டையை வெயிலில் யாராவது போடுவார்களாம். புனித வீராங்கனையின் மானத்தை வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் வாங்கினாள்.

"அந்தக் கத்தியக் கீழ வெச்சிட்டு மொதல்ல சாப்டு."

தேவேந்திரன் பகடையை உருட்டச் சொல்லவே இல்லை. அல்லி வாளைக் கீழே வைத்தாள்.