ஆறு நாற்பது பஸ்

பிப்ரவரி 17

அன்புள்ளவளுக்கு,

இங்கே என் நலத்துக்குக் குறைவில்லை, வலது முழங்காலைத் தவிர. உன் நலத்தைப் பற்றி இந்த முறையாவது எழுது. போன வருடம் வந்த உன் கடிதத்தில் இன்சூரன்ஸ் தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தாறு வருடமாகக் காலை ஆறு நாற்பதுக்கு விசில் ஊதி, நீ இருக்கும் நகரத்துக்கு ஒரு பஸ்ஸை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒருநாள்கூட ஏறியதில்லை. கல்யாண வாசலில் நின்று எல்லோரையும் பந்திக்கு அனுப்பிவிட்டுப் பட்டினியாக வீடு திரும்புகிறவன் மாதிரிதான் என் கதை. டிரைவர்கள் வந்து அளக்கிறார்கள். கோட்டை வாசலில் ஆறு வண்டி ஒன்றாக நுழையுமாம். அரண்மனையில் ஒரு அறை முழுக்கக் கண்ணாடியாம்.

மார்ச் 24, 25 இரண்டு நாளும் லீவு கேட்டேன். டெப்போ மேனேஜர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கா? லீவா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். கொடுத்துவிட்டார்.

திட்டம் போட்டுவிட்டேன். 2.10க்கு பஸ் வந்து சேரும். 2.25 லாட்ஜ். 2.50 கோட்டை, முப்பது நிமிடம். 3.30 அரண்மனை. 4.15 மணிக்கூண்டு. 4.40 ஆற்றுப் பாலம். மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் திரும்புகிறேன். ஊர் தெரியாதவன் போட்ட கணக்கு, நீதான் திருத்தித் தர வேண்டும்.

இப்படிக்கு,
உன் கணவன் (இன்னும் அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.)


பிப்ரவரி 25

டைம் கீப்பர் ஐயா அவர்களுக்கு,

நலமாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி.

முப்பது நிமிடத்தில் சுற்றி வர அது கோட்டையா, பெட்டிக்கடையா? வாசலில் இருந்து உள் மதிலுக்கு நடக்கவே இருபது நிமிடம் ஆகும். கல் பாதை வழுக்கும், உங்கள் தோல் செருப்பு ஆகாது. வழிகாட்டுகிறேன் என்று கையைப் பிடிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பாலத்தில் வெயில் தாழ்ந்த பிறகு நடங்கள். அரண்மனைக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை. மறுநாள் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், பத்து மணிக்கு உங்கள் பஸ் கிளம்பிவிடும். ஆகவே கண்ணாடி அறை உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த அரண்மனையில்தான் எட்டு வருடமாகப் பை அறையில் இருக்கிறேன். பார்க்க வருகிறவர்களின் பையை வாங்கி டோக்கன் கொடுப்பதுதான் வேலை. எவ்வளவு கனத்தை ஜனங்கள் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது.

என் அப்பாவின் காரியத்துக்கு ஒரு நாள் லீவு கிடைக்காதவருக்குக் கோட்டை பார்க்க இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. டெப்போ முன்னேறிவிட்டது.

இன்னொன்று. பை அறைப் பக்கம் வர வேண்டாம். வந்த புதிதில் கூட வேலை செய்கிறவர்கள் கணவரைப் பற்றிக் கேட்டார்கள். "இல்லை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். இனிமேல் மாற்றிச் சொல்ல முடியாது.

பை அறைக்காரி


மார்ச் 4

அன்புள்ளவளுக்கு,

உன் திருத்தத்தில் கோட்டை இருக்கிறது, பாலம் இருக்கிறது, என் செருப்புகூட இருக்கிறது. நீ மட்டும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கோட்டை பார்க்க வரவில்லை.

உன் அப்பாவை அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அந்தக் காலையில், நீ ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். பார்த்தேன். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் இடது கையில் பையோடு வந்தாய். கடிகாரம் ஆறு நாற்பது காட்டியது. சொந்தப் பெண்டாட்டிக்காக வண்டியை நிறுத்தினான் என்று நாலு பேர் பேசக்கூடாது என்று நினைத்தேன். ஊதிவிட்டேன். அடுத்த பஸ் மாலையில்தான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

இதை நேரில், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் கொடு.

உன் கணவன்


மார்ச் 12

நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியும். நானும் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் ஓடி வந்தேன்.

24, செவ்வாய், எனக்கும் விடுமுறை. மணிக்கூண்டுக்குக் கீழே மூன்றிலிருந்து ஐந்து வரை இருப்பேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். ஐந்துக்கு மேல் நிற்க மாட்டேன். நேரம் தவறாத உங்களுக்கு இதை எழுதுவதே வீண். தலை நரைத்துவிட்டது, அடையாளம் தெரியாமல் போகலாம். நீலக் குடை பிடித்திருப்பேன்.


மார்ச் 27

அன்புள்ளவளுக்கு,

நான் வந்தேன். முதலில் இதை நம்பு.

ஆறு நாற்பதுக்கு முன்பே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதிலாக நின்ற புதுப் பையன் விசிலை வாயில் வைத்தான். அப்போது அதே பெட்ரோல் பங்க் திருப்பத்தில் ஒரு பெண் பையோடு ஓடி வந்தாள். என் கால் என்னைக் கேட்காமல் இறங்கிவிட்டது. விசிலைப் பிடுங்கினேன்.

"சார், டைம் ஆச்சு சார்! நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஆகட்டும்பா. அவங்க ஏறட்டும்."

மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத் தாமதத்தால் ரயில்வே கேட்டை எங்கள் மூக்குக்கு முன்னால் மூடினார்கள். கூட்ஸ் போனது. பிறகு கேட்டைத் தூக்கப் பார்த்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. ஆள் வந்து சரி செய்வதற்குள் ஒன்றே முக்கால் மணி நேரம். அந்தப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். "போயிடலாம்ல சார்?" என்று என்னிடமே நூறு தடவை கேட்டாள். போய்விடலாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

நாலு மணிக்கு பஸ் வந்து சேர்ந்தது. ஸ்டாண்டில் அவளுடைய மாமா நின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சும்மா. மூணு மணிக்கு" என்றார். அவள் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் வண்டி பிடிக்கப் போனார்.

நாலு பத்து. நாலரை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நீ குடையோடு நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். நான் நிறுத்தாவிட்டால் அவள் வந்திருக்க மாட்டாள். நிறுத்தியதால் வந்தும் பிரயோஜனமில்லை. அந்தக் கையை எடுத்துவிட்டு வர மனம் வரவில்லை. அவர் வண்டியோடு திரும்பியபோது ஐந்தாகப் பத்து நிமிடம். இருவரையும் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியும்? கடைத்தெருவில் வழி தவறி, மணிக்கூண்டுக்கு வந்தபோது ஐந்து இருபது. நீலக் குடை இல்லை. உன் முகவரி வெறும் தபால் பெட்டி எண்தான், வீடு எங்கே என்று தெரியாது. அவ்வளவு பெரிய ஊரில் யாரிடம் போய் என்ன சொல்லிக் கேட்பது?

மறுநாள் காலை அரண்மனைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். ஒன்பதரைக்கு நீ பை அறையின் ஷட்டரைத் தூக்கினாய். பாதியில் சிக்கியது, தோளால் முட்டுக் கொடுத்துத் தூக்கினாய். சாலையைக் கடந்தால் இருபது அடி. வர வேண்டாம் என்றிருந்தாய். வரவில்லை. பத்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கோட்டையையும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சமாதானமாக எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

உன் கணவன்


ஏப்ரல் 6

ஐந்துக்கு மேல் நிற்க மாட்டேன் என்று எழுதியவள், ஐந்தே கால் வரை நின்றேன். வெட்கக்கேடு.

நீங்கள் தாமதமாக வரக்கூடும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நின்றிருப்பேன். உங்களைத் தெரிந்தவள் என்பதால்தான், வராமல் இருந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டுப் போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் விசில் ஊதியதை நான் எப்போதோ மனதிலிருந்து விட்டுவிட்டேன். அது உங்கள் வேலை. பஸ் போன பிறகு நான் ஸ்டாண்டில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சாயங்காலம் வரை உயிரோடு இருந்தார் என்று பிறகு தெரிந்தது. நீங்கள் என் பக்கம் வரவில்லை. ரெஜிஸ்டரில் நேரம் எழுதப் போனீர்கள். அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

இப்போது முன்பின் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குத் தர வேண்டியதை அவளுக்குத் தந்திருக்கிறீர்கள். வயிறு எரிகிறது. எழுந்து வந்திருந்தால் அதற்கும் உங்களைத்தான் திட்டியிருப்பேன். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

உங்கள் கடிதத்தைப் பை அறையில் வைத்துப் படித்தேன். கூட இருப்பவள், "யாருக்கா எழுதியிருக்காங்க?" என்றாள். "தெரிஞ்சவர்" என்றேன்.

வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை. வராதீர்கள் என்று எழுதவும் வரவில்லை. மூன்று தாள் வீணாகிவிட்டது. ஷட்டருக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது, இப்போது சிக்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அது உங்களுக்குத் தெரியும்.